வெள்ளிக்கிழமை மலைமேல் இருப்பேன்

ரோத்தாங் கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கியபோது அச்சுத்துக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. கீழே சந்திரா நதி சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சாலையில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை. பழைய யெஸ்டி பைக், அதன் பின்சீட்டில் கயிற்றால் இறுக்கிய பை, பைக்குப் பக்கத்தில் பத்து லிட்டர் பெட்ரோல் கேன். தன்னந்தனியாக லே வரைக்கும் போவதற்கு இவ்வளவு போதும் என்று சண்டிகரில் நினைத்திருந்தான். இங்கே வந்து பார்த்தபோது இதுவே அதிகம் போலிருந்தது.

பனியை அவன் முதன்முதலில் பார்த்தது புத்தகங்களில்தான். காஞ்சிபுரம் நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் ஒரு முழு அலமாரி நிறைய இருந்தன. அட்டை கிழிந்து, தடித்தடியாக, உச்சரிக்க முடியாத பெயர்களோடு. வெளியே அக்கினி நட்சத்திர வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்கும். உள்ளே, கடகடவென்று சுற்றும் மின்விசிறியின் கீழ், அவன் பனிப்புயலில் சிக்கிக் குதிரை மாற்றும் நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பான். இருபத்து நான்கு வயதில், சண்டிகர் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து இரண்டாவது ஆண்டில், மூன்றாம் கை மாறிய இந்த யெஸ்டியை வாங்கியதற்கும் அந்த அலமாரிதான் காரணம். அம்மா கடிதத்தில் கேட்டுக்கொண்டபடி பெட்ரோல் டாங்கின்மேல் சின்ன எழுத்தில் ‘வரதன் துணை’ என்று எழுதியிருந்தான். சண்டிகரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

அது 2001 ஆகஸ்ட். அச்சுத்தின் வீட்டில் தொலைபேசி கிடையாது. சின்ன காஞ்சிபுரத்தில் தெரு முனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் தேவகியின் எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொன்னால், அவள் போய் அம்மாவிடம் சொல்லிவிடுவாள். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் சொன்னான்: “பத்து நாள் லீவுக்கா. பைக்ல மலைக்குப் போறேன். வெள்ளிக்கிழமை மலைமேல இருப்பேன். போன் வராது, கவலைப்பட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்கோ.”

வெள்ளிக்கிழமை என்று கணக்குப் போட்டது பதினாறாயிரம் அடி உயரத்தில் இருக்கும் பரலாச்சா கணவாய்க்காக. எல்லாம் கணக்குப்படியே நடந்தது. வியாழன் மாலை நான்கு மணிக்குக் கேலாங் வந்துவிட்டான். மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். கடைத்தெருவில் தொலைபேசிப் பலகை கண்ணில் பட்டது. வழியில் இனி போன் கிடையாது, ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று வண்டியை நிறுத்தினான்.

“தேவகிக்கா, நான் அச்சுத். அம்மாவக் கொஞ்சம் கூப்பிடறேளா?”

“அய்ய, நீயாப்பா! எங்கப்பா கீற? மேல ஏறிட்டியா?”

“நாளைக்குத்தான்கா. அம்மா…”

“அம்மா இங்க எங்க இருக்குது? காலைல மொத பஸ்ஸுக்கே ரெண்டு பேரும் கெளம்பிப் போய்ட்டாங்க.”

“எங்க?”

“இன்னா எங்கன்ற? மலைக்குத்தான்! வெள்ளிக்கெழம மலைமேல இருப்பேன்னு நீதான சொன்ன? அப்பவே ஓடிப் போய்ச் சொல்லிட்டேன். உங்கம்மா மொகத்த நீ பாத்திருக்கணும்பா.”

அச்சுத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் தெருவில் சில சொற்களுக்கு ஒரே பொருள்தான். கோயில் என்றால் ஸ்ரீரங்கம். பெருமாள் கோயில் என்றால் தெருக்கோடியில் கோபுரம் தெரியும் வரதர் கோயில். மலை என்றால் திருப்பதி. இமயமலை, நீலமலை எல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பவை. வெறும் ‘மலை’ ஒன்றே ஒன்றுதான். பிறந்ததிலிருந்து அப்படிச் சொல்லி வளர்ந்தவன், இரண்டு வருட சண்டிகரில் அதைத் தொலைத்திருந்தான். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் லீவு கிடைத்தால் ‘மலைக்கு’ என்று இந்தியில் சொல்லிவிட்டு இந்தப் பக்கம்தான் வருவார்கள்.

“அக்கா, நான் சொன்னது அந்த மலை இல்ல. இமயமலை.”

“இமயமலைன்னு எங்கப்பா சொன்ன? மலைன்ன. நானும் மலைன்னேன். ஒரு எழுத்து கூட்டல, ஒரு எழுத்து கொறைக்கல. எம்மேல பழி போடாத.”

“இல்லக்கா, உங்க மேல இல்ல. அப்பாவுமா போயிருக்கார்?”

“அவர்தான் மொத ஆளு! புள்ள வரான், நாம போய் நிக்க வேணாமான்னு கேட்டாராம். உங்கம்மாவ பஸ்ல மேல அனுப்பிட்டு அவரு நடந்தே படியேறப் போறாராம். மடத்துல தங்குறாங்க. நம்பர் எழுதிக் குட்த்துட்டுப் போயிருக்காங்க. எழுதிக்க.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் எழுதினான். கடைசி எண்ணைச் சொல்லி முடித்து, “இன்னாத்துக்குப்பா இமயமலைக்கெல்லாம்…” என்று தேவகி ஆரம்பித்தபோது இணைப்பு அறுந்தது. மறுபடி சுழற்றினான். சத்தமே இல்லை. பூத்காரர் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, ஊர் முழுக்கவே போயிருக்கும் என்று கையை விரித்தார்.

பூத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

அவன் அப்பா பாஷ்யம் அவனோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அச்சுத்துக்கு வேலை சொல்லி வைத்திருந்தார் அவர். யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர். காலையும் மாலையும் பெருமாள் கோயிலில் பிரபந்தப் பாசுரங்களை ஓதிச் சேவிப்பது, வீடு, மறுபடி கோயில் என்று இருப்பவர், மகனுக்காக நாலு பேரைப் போய்ப் பார்த்தார். வேலையில் சேர வேண்டிய அன்று அவன் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய் டில்லி ரயில் ஏறிவிட்டான். மகன் நேராகப் பள்ளிக்கு வந்துவிடுவான் என்று நம்பி, அவர் தலைமையாசிரியர் அறையில் ஒரு நாற்காலியில் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தாராம். அம்மா பிறகு எழுதினாள். அன்றைக்குப் பிறகு அவன் கடிதத்தை அவர் தொட்டதில்லை. அம்மா சத்தமாகப் படிப்பாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்பார்.

அப்படிப்பட்டவர் இப்போது படியேறிக்கொண்டிருக்கிறார். மூவாயிரத்து ஐந்நூறு படி. மகன் வருகிறான் என்று.

“இன்னா தம்பி, வரதன் துணையா?”

நிமிர்ந்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. நாற்பது வயதிருக்கும், கழுத்தில் மஃப்ளர், முழங்கால் வரைக்கும் சேறு. யெஸ்டியின் டாங்கைத் தட்டிக்கொண்டு நின்றார். “தமிழ் எழுத்தப் பாத்து எம்மாம் நாளாச்சு. எந்த ஊரு?”

“சின்ன காஞ்சிபுரம்.”

“அட, நம்ம ஊர்க்காரன்! எனக்குத் தாமல். ஏரிக்கரைமேலயே வூடு. பேரு சபாபதி.” எல்லைச் சாலைப் பணியில் மண் தள்ளும் டோசர் ஓட்டுகிறவர் அவர். பதினோரு வருடமாக இந்தப் பக்கம். டீசல் எடுக்க வந்திருந்தார். “சிஸ்ஸு தாண்டி மண்ணு சரிஞ்சிட்ச்சி. நாலு கம்பத்த அட்ச்சிக்கினு ஆத்துக்குப் போய்ட்ச்சி. ரோட்ட நாங்க காலைக்குள்ள தொறந்துருவோம், உன் வண்டி போற அளவுக்கு. கம்பி இழுக்கறது வேற ஆளுங்க. ரெண்டு நாள் ஆவும்.”

“அதுவரைக்கும் போன் வராதா?”

“வராது. போன் வேணும்னா திரும்பி ரோத்தாங் ஏறி மணாலி போவணும். முன்னால போனா மூணு நாள் கழிச்சு லேவுல பேசலாம். இன்னா அப்பிடி அவசரம்? பொண்ணா?”

“அப்பா.”

அச்சுத் சொன்னான். சபாபதி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பாதியில் சிரிக்க ஆரம்பித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நல்லவேள, நீ எங்கம்மாகிட்ட சொல்லல. எங்க வூட்ல மலைன்னா திருவண்ணாமல. அது பாட்டுக்கு மலைய சுத்திக்கினு உன்னத் தேடிக்கினு இருந்திருக்கும்.”

அச்சுத்தும் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் சபாபதி டம்ளரை எடுத்து மீதித் தேநீரைக் குடித்து முடித்தார்.

“ஒண்ணு சொல்றேன் தம்பி. நாளைக்கு ஒரு நாள்தான் வானம் தொறந்துக்கினு இருக்கும். சனிக்கெழம மழை புடிக்கும். பரலாச்சா ஏறணும்னா நாளைக்குக் காலைலயே ஏறிடு. மத்தியானம் ஆச்சுன்னா பனி உருகி ஓடையில தண்ணி இடுப்புக்கு வரும்.”

“ம்.”

“திரும்பிப் போயி போன் பண்ணி இன்னா சொல்லப் போற? வரலன்னுதான?”

“ஆமா.”

“கேட்டா கோவம் வரும்ல அவருக்கு?”

“வரும். பழையபடி பேசமாட்டார்.”

“சொல்லலன்னா?”

அச்சுத் உள்ளங்கையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தான். சபாபதி மஃப்ளரைச் சரி செய்துகொண்டு டீசல் பீப்பாய்களைப் பார்க்கப் போய்விட்டார்.

காலை ஐந்து மணிக்கு வானம் அவர் சொன்ன மாதிரியே இருந்தது. ஒரு மேகம்கூட இல்லை. வடக்கே போகும் சாலை வெளுத்து, காய்ந்து, யாரோ கூட்டிப் பெருக்கி வைத்ததுபோலக் கிடந்தது. அதன் முடிவில் ஒரு சிகரத்தின் நுனியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. அச்சுத் வண்டியை உதைத்துக் கிளப்பி, எஞ்சின் சூடாகும் வரை அதையே பார்த்தான். அவன் படித்த நாவல்களில் இப்படிப்பட்ட காலைகளில் யாரும் திரும்பிப் போனதாக நினைவில்லை. ஆனால் அந்தக் கதைகளில் ஒருவருடைய அப்பாவும் மடத்து வாசலில் நின்றுகொண்டிருக்கவில்லை. ஒருமுறை நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. இன்னொரு முறை முடியாது. வண்டியைத் தெற்கே திருப்பினான்.

மண் சரிந்த இடத்தில் ஒரு முழத்துக்குச் சேறு. இறங்கித் தள்ளினான். டோசரின் மேலிருந்து சபாபதி பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து பின்னாலிருந்து தள்ளினார். கோக்சர் சோதனைச் சாவடியில் முந்தின நாள் ‘போகும் இடம்: லே’ என்று எழுதிய பதிவேட்டிலேயே மறுபடி பெயரெழுத வேண்டியிருந்தது. காவலர் இரண்டு பதிவையும் மாறிமாறிப் பார்த்தார்.

“பயந்துட்டியா?” என்று இந்தியில் கேட்டார்.

“வீட்டில் கூப்பிடுகிறார்கள்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்,” என்றார் அவர்.

ரோத்தாங்கில் மூடுபனி. முன்சக்கரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உயரத்தில் காற்று மெலிய மெலிய யெஸ்டி பெட்ரோலை எரிக்க முடியாமல் இருமும். பிளக்கில் கரி படிந்து இரண்டு முறை நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் ஓரமாக நிறுத்தி, கையுறையைக் கழற்றி, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தான். உள்ளங்கையில் எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டான். வியர்வையில் ஓர் எண் மங்கியிருந்தது, மூன்றா எட்டா என்று சந்தேகமாக. பேனாவை எடுத்து எட்டு என்று தடித்து எழுதினான். பத்து லிட்டர் கேன் திருப்பங்களில் ஒரு பக்கமாக இழுத்தது.

மணாலிக்கு வந்தபோது பதினொன்றரை. பூத்தில் அந்த மங்கிய எண்ணுக்கு எட்டு போட்டபோது யாரோ தெலுங்கில் திட்டினார்கள். மூன்று போட்டதும் மடம் கிடைத்தது. காஞ்சிபுரம் பாஷ்யம் என்று சொன்னதும், “வாசல்லதான் நிக்கறார், காலம்பறலேர்ந்து,” என்றது ஒரு குரல்.

அம்மா வந்தாள். அம்ருதவல்லிக்குத் தொலைபேசி என்றால் தொலைவுக்குத் தக்கபடி கத்த வேண்டும்.

“அச்சுதா! எங்கடா இருக்க? கீழ அலிபிரியில, படி ஆரம்பிக்கற எடத்துலயா?”

“அம்மா, நான் மலையிலதான் இருந்தேன். ஆனா அந்த மலை இல்லம்மா.”

“வேற எந்த மலை?”

“இமயமலை.”

அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். சரியாகப் பொத்தவில்லை. எல்லாம் கேட்டது.

“என்ன சொல்றான்?” அது அப்பாவின் குரல்.

“இமயமலையில இருக்கானாம்.”

“மலைன்னுதானே சொல்லி அனுப்பினான்?”

“மலைன்னுதானே சொன்னேன்னு கேக்கறார்டா.”

“ஆமாம்மா. நம்மாத்துல மலைன்னா இது ஒண்ணுதான்னு மறந்து போயிட்டேன்.”

“மறந்து போயிட்டானாம்.”

“மலையையே மறந்துட்டானா? பேஷ். எப்போ ஞாபகம் வந்ததுன்னு கேளு.”

“நேத்து சாயந்தரம்மா. தேவகிக்கா சொல்லித்தான். உடனே பேச லைன் இல்ல. கார்த்தால கிளம்பி நூத்திப் பதினஞ்சு கிலோமீட்டர் திரும்பி வந்து மணாலிலேர்ந்து பேசறேன்.”

அம்மா இதை வார்த்தை மாறாமல் சொன்னாள். பின்னால் கோவிந்தா, கோவிந்தா என்று போகும் கூட்டத்தின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ரிசீவர் கைமாறும் கரகரப்பு.

“படி ஏறினேன்டா,” என்றார் பாஷ்யம். “முழங்கால் போயிடுத்து.”

“மன்னிச்சுக்கோங்கோப்பா. காத்துண்டிருக்க வெச்சுட்டேன்.”

“காத்துண்டுதான் இருந்தேன். அது கிடக்கட்டும். அன்னிக்கு வாலாஜாபாத்துக்கு ஒரு போன் பண்ணினியா நீ?”

“இல்லப்பா.”

“இன்னிக்குப் பண்ணினே.”

அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அச்சுத் கேட்டான்:

“நான் அங்க வரட்டுமாப்பா? இன்னிக்கே ரயில் ஏறினா…”

“நீ வந்து சேர்றதுக்குள்ள நாங்க ஆத்துக்குப் போய்ச் சேர்ந்துடுவோம். பேசாம இரு. நீ போகணும்னு நெனச்ச எடத்துக்குப் போயாச்சா?”

“இல்ல. இன்னிக்குக் காலம்பற ஏறியிருக்கணும். திரும்பிட்டேன்.”

“பாதியிலயா?”

“ஆமாம்ப்பா.”

“மலைக்குன்னு கிளம்பிட்டுப் பாதிப் படியில திரும்பற வழக்கம் நம்மாத்துல கிடையாது. லீவு எத்தனை நாள் பாக்கி?”

“ஆறு நாள். நாளைக்கு மழைங்கறா.”

“நின்னப்பறம் ஏறு.” கொஞ்சம் நிறுத்தினார். “அங்க மேல என்னடா இருக்கு?”

“பனி இருக்கும். ஒரு ஏரி. குதிரையில வர்றவா தங்கற கூடாரம்…”

“இருக்கும்னா? நீ பாத்தியா, படிச்சியா?”

“படிச்சதுதான்.”

“அதானே பாத்தேன். நானும் அம்பது வருஷமா பாசுரத்துல வர்ற இமயத்தை வாயால சேவிச்சுண்டிருக்கேன். ஒரு நாள் பாத்ததில்ல. நீ பாத்துட்டு வந்து சரியாச் சொல்லு. புஸ்தகத்துல இருக்கறதெல்லாம் சொல்லப்படாது, கேட்டியா? உங்கம்மாகிட்ட குடுக்கறேன்.”

அம்மா ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டாள். அச்சுத் ஏதோ சொன்னான்.

சனிக்கிழமை முழுவதும் மணாலியில் மழை பெய்தது. ஞாயிறு அன்று அவன் மூன்றாம் முறையாக ரோத்தாங்கைத் தாண்டினான். கோக்சர் காவலர் பதிவேட்டைத் திருப்பித் தந்தபோது, வீட்டில் விட்டுவிட்டார்களா என்று மட்டும் கேட்டார். லே வரை போக நாள் போதாது. பரலாச்சா வரை போய்த் திரும்பலாம். திங்கட்கிழமை விடியலில் கேலாங்கை விட்டு, தண்ணீர் ஏறுவதற்குள் மூன்று ஓடைகளைக் கடந்து, ஒன்பதரை மணிக்கு உச்சியை அடைந்தான்.

எஞ்சினை அணைத்தான். காற்றைத் தவிர எதுவும் இல்லை. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் உட்கார்ந்தான்.

புத்தகத்தில் இருந்ததுபோல இல்லை. சாலையோரத்துப் பனி லாரிப் புகை படிந்து, அடுப்படிச் சுவர்போல அழுக்காக இருந்தது. கீழே ஏரி சின்னதாக, எதிர்பார்த்ததைவிடப் பச்சையாக இருந்தது. கூடாரமும் இல்லை, குதிரையும் இல்லை. ஒரு லாரி நின்றிருந்தது, அதன் ஓட்டுநர் ஸ்டியரிங்கின்மேல் தலையை வைத்துத் தூங்கினார். தூரத்து மலை ஒன்று துருவின் நிறத்தில், மரமே இல்லாமல் நின்றது. அதற்கு அடுத்தது கத்தரிப்பூ நிறம் என்று சொல்லலாமா என்று யோசித்தான். வெயில் நகர்ந்ததும் அது மாறிவிட்டது. இல்லை, அப்பாவிடம் அப்படிச் சொன்னால் தப்பாகிவிடும்.

அவசரப்படாமல் இடப்பக்கத்திலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தான்.